சின்ன ஓட்டை, பெரிய கணக்கு

குடியாத்தத்தில் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்துவிட்டால், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கிழிச்சு பண்றாங்களா, லேசரா?" என்பதுதான். அடுத்து வருவது கேள்வி இல்லை, தீர்ப்பு. "லேசர்லாம் காசு இருக்கிறவங்களுக்குப்பா. நமக்கு சாதா ஆபரேஷனே போதும்!"

முதல் கேள்வியில் ஒரு சின்னத் தப்பு இருக்கிறது. அது லேசரே கிடையாது. சிறுநீரகக் கல்லை உடைக்க, மூலத்துக்கு, கண்ணுக்கு என்று சில இடங்களில் லேசர் பயன்படுவதால், கிழிக்காமல் செய்கிற எல்லாவற்றுக்கும் ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பித்தப்பைக்குச் செய்வதன் பெயர் லேப்ராஸ்கோப்பி. நுண்துளை அறுவை சிகிச்சை என்று பத்திரிகைகள் எழுதும். சாவி நுழைகிற ஓட்டை அளவுக்குத்தான் துளை என்பதால் 'கீ ஹோல்' என்ற பெயரும் உண்டு.

இரண்டாவதாக வந்த தீர்ப்பில் இருப்பதோ பெரிய தப்பு. சரியாகச் சொன்னால் தலைகீழான தப்பு. மாதச் சம்பளமும், லீவும், கம்பெனி இன்சூரன்ஸும் இருப்பவருக்கு லேப்ராஸ்கோப்பி ஒரு சௌகரியம். தழும்பு தெரியாது, வலி குறைவு, அவ்வளவுதான். ஆறு வாரம் வீட்டில் படுத்திருந்தாலும் அவர் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவருக்கும், பேரணாம்பட்டில் தோல் தூக்குகிறவருக்கும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற அம்மாவுக்கும் அது சௌகரியம் இல்லை. தேவை. இந்த ஆபரேஷனுக்கு வரிசை போட்டால் முதலில் நிற்க வேண்டியவர்கள் இவர்கள்தான். இப்போது கடைசியில் நிற்கிறார்கள்.

ஏன் என்று பார்க்கும் முன், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

வயிற்றுக்குள் ஒரு வேலை செய்ய டாக்டருக்கு மூன்று விஷயம் வேண்டும். வெளிச்சம், பார்வை, கை நுழைய இடம். பழைய முறையில் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே வழிதான், கிழிப்பது. பித்தப்பை என்பது ஒரு சின்னக் கத்தரிக்காய் அளவுதான். அதை எடுக்க வலது விலாவுக்குக் கீழே நாலு, ஐந்து அங்குலம், சிலருக்கு அதைவிட நீளமாகவும் தோல், தசை எல்லாம் வெட்ட வேண்டியிருந்தது. அந்த நீளமெல்லாம் நோய்க்காக இல்லை. டாக்டரின் கைக்காக! ஆபரேஷன் முடிந்து வாரக்கணக்கில் வலிப்பதும் பித்தப்பை இருந்த இடம் இல்லை, வெட்டுப்பட்ட தசைதான்.

லேப்ராஸ்கோப்பியில் தொப்புளருகே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் துளை போடுகிறார்கள். அதன் வழியாகக் கரியமில வாயுவைச் செலுத்தினால் வயிற்றுச் சுவர் கூடாரம் மாதிரி மேலே எழும்புகிறது. குடலுக்கும் ஈரலுக்கும் மேலே வேலை செய்ய இடம் கிடைக்கிறது. வாயுவின் அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும்படி ஒரு மெஷின் பார்த்துக்கொள்கிறது. பிறகு கேமராவும் விளக்கும் உள்ள குழாய் உள்ளே போகிறது. இன்னும் இரண்டு, மூன்று சின்னத் துளைகள் வழியாக நீளமான இடுக்கியும் கத்தரியும். டாக்டர் நோயாளியின் வயிற்றைப் பார்ப்பதில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார். பித்தப்பைக் குழாயையும் அதற்குப் போகிற ரத்தக் குழாயையும் கிளிப் போட்டு வெட்டி, பையை ஈரலிலிருந்து பிரித்து, பெரும்பாலும் தொப்புள் துளை வழியாகவே வெளியே எடுத்துவிடுகிறார்.

சாதாரணக் காற்றை ஏன் அடிப்பதில்லை? உள்ளே மின்சாரத்தால் சூடுவைத்து ரத்தத்தை நிறுத்துவார்கள், கரியமில வாயு தீப்பிடிக்காது. மிச்சமாக உள்ளே தங்கினாலும் ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். காற்று அப்படிச் சீக்கிரம் கரையாது. (இந்தக் காற்று விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கொடுமையான இடத்தில் திரும்ப வரும்.) ஆபரேஷன் முடிந்த மறுநாள் "வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு தோள்பட்டை ஏன் வலிக்குது?" என்று பலர் பயந்துபோவார்கள். அதுவும் இந்த வாயுவின் வேலைதான். உதரவிதானம் என்கிற தசைக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் வலி அங்கே தெரிகிறது. ஓரிரு நாளில் போய்விடும்.

இன்று இந்த முறையில் செய்யாத ஆபரேஷனைத் தேடுவதுதான் கஷ்டம். குடல்வால், குடலிறக்கம், சினைப்பைக் கட்டி, கருக்குழாயில் தங்கிவிட்ட கர்ப்பம், கர்ப்பப்பை, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. சிறுநீரக தானம் கொடுப்பவரிடமிருந்து சிறுநீரகத்தை எடுப்பதையும் 1995 முதல் இப்படிச் செய்கிறார்கள். வயிற்றுக்கு வெளியே முழங்காலுக்குள் கேமரா விடுவது ஆர்த்ரோஸ்கோப்பி, மார்புக்குள் விடுவது தோரகோஸ்கோப்பி. கிரிக்கெட் வீரர்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தால் செய்வது முதல் வகை.

இனி, இது பணக்காரர் ஆபரேஷன் என்ற பேச்சு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் இதைப் பெரிய இடத்து டாக்டர்கள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. 1980-இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்ற டாக்டர் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில் குடல்வாலை எடுத்தார். அவர் மகப்பேறு டாக்டர், சர்ஜன்கூட இல்லை. அவரை மருத்துவத் தொழிலிலிருந்தே நிறுத்தி வைக்க வேண்டும் என்று அந்நாட்டு சர்ஜன்கள் சங்கத்தின் தலைவரே கேட்டார்! 1985 செப்டம்பர் 12 அன்று பித்தப்பையை இந்த வழியில் முதலில் எடுத்தவர் எரிச் மூயே, இவரும் ஜெர்மனிக்காரர். அடுத்த வருடம் மாநாட்டில் போய்ச் சொன்னபோது மிக்கி மவுஸ் ஆபரேஷன் என்று கிண்டல்தான் கிடைத்தது. பிறகு ஒரு நோயாளி இறந்ததற்காக அவர்மேல் வழக்கு நடந்து 1990-இல் விடுதலையானார். கிண்டல் செய்த அதே சங்கம் 1992-இல் அவருக்கு விருது கொடுத்தது. அதற்குள் உலகமே இந்த முறைக்கு மாறியிருந்தது.

இந்தியாவில் இது வந்த வாசல்தான் முக்கியம். இங்கே முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை ஆபரேஷன் 1990-இல் நடந்தது. எங்கே? ஐந்து நட்சத்திர ஆஸ்பத்திரியில் இல்லை. பம்பாயில், ஏழைகள் வந்து குவிகிற ஜே.ஜே. அரசு ஆஸ்பத்திரியில். செய்தவர் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா. 1972 முதலே அவர் நோயைக் கண்டுபிடிப்பதற்காக லேப்ராஸ்கோப்பைப் பயன்படுத்தி வந்தார். சி.டி. ஸ்கேன் இல்லாத காலம், அதனால் குழாயை விட்டுக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்பது அவர் வழி. 2017-இல் பத்மபூஷண் பெற்ற அவர் 2023 ஜனவரியில் காலமானார். தமிழ்நாட்டில் இந்தத் துறையின் பெரிய பெயர் கோயம்புத்தூர் ஜெம் ஆஸ்பத்திரியின் டாக்டர் சி. பழனிவேலு. இளம் வயதில் குடும்பத்தோடு மலேசியா போய்க் கூலி வேலை பார்த்தவர். திரும்பி வந்து விட்ட படிப்பைத் தொடர்ந்து டாக்டரானவர். 1991-இல் கோவையில் லேப்ராஸ்கோப்பியைத் தொடங்கினார். ஆக, அரசு ஆஸ்பத்திரியில் நுழைந்து, ஒரு பழைய கூலித் தொழிலாளியின் கையால் வளர்ந்த சிகிச்சை, எப்படியோ 'காசு இருக்கிறவங்களுக்கு' என்று ஆகிவிட்டது.

எப்படி ஆயிற்று? பில்லைப் பார்த்துத்தான். காமர்ஸ் படிக்கிற எவருக்கும் முதல் வருடத்திலேயே 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். ஒன்றைச் செய்வதால் கைவிட்டுப் போகிற வருமானமும் செலவுதான், அதற்கு ரசீது கிடையாது, அவ்வளவே வித்தியாசம். ஆஸ்பத்திரி பில்லில் இந்தச் செலவு இருக்காது. அதனால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும்போதும் அது வருவதில்லை.

ஒரு உதாரணம். ஷூ கம்பெனியில் நாளுக்கு 600 ரூபாய் கூலி வாங்குகிற ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம் (கணக்குக்காக வைத்த தொகைதான், அவரவர் கூலியைப் போட்டுப் பாருங்கள்). கிழித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் போல ஆகும், பிறகு வேலைக்குத் திரும்ப மொத்தத்தில் நாலு முதல் ஆறு வாரம். ஆறு வாரம் என்று எடுத்தால், ஞாயிறு கழித்து 36 நாள் கூலி, 21,600 ரூபாய். லேப்ராஸ்கோப்பியில் ஓரிரு நாளில் வீடு, சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் வேலை. 12 நாள் கூலி, 7,200 ரூபாய். வித்தியாசம் 14,400. இதோடு முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கூட இருக்கிற மனைவியும் வேலைக்குப் போகிறவர்தான். அவர் கூலி 400 என்றால் அங்கே ஆறு நாள், இங்கே இரண்டு நாள், அதில் ஒரு 1,600. மொத்தம் 16,000 ரூபாய்.

தனியார் ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பிக்கு ஒரு பேச்சுக்கு 12,000 ரூபாய் அதிகம் கேட்கிறார்கள் என்று வையுங்கள். அதைப் பார்த்து மிரண்டு சாதா ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டவர், 12,000 மிச்சம் என்று நினைத்துக்கொண்டே 16,000-ஐ இழக்கிறார். மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது, நஷ்டம் தெரியவில்லை. வருமானம் நின்ற அந்த வாரங்களில் குடும்பம் ஓடுவதற்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டிக்கு 16,000 வாங்கினால் மாதம் 800 ரூபாய் வட்டி மட்டுமே. இதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

குடலிறக்கத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டேனரி வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், உப்புப் போட்ட பச்சைத்தோல் எவ்வளவு கனம், டிரம்மிலிருந்து நனைந்து வரும்போது இன்னும் எவ்வளவு கனம் என்று. இழுப்பதும் தூக்குவதுமாக இருக்கிற உடம்புக்குக் குடலிறக்கம் பெரிய தொந்தரவு. இதற்கு லேப்ராஸ்கோப்பியில் வலை வைத்துச் செய்யலாம், ஆனால் முழு மயக்கம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும், முதல் தடவை வந்தது என்றால், இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தோ, அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தோ, சின்னதாகக் கிழித்து வலை வைக்கிற பழைய முறையும் நல்ல முறைதான். இரண்டு பக்கமும் இருந்தாலோ, ஏற்கெனவே செய்து திரும்ப வந்திருந்தாலோ லேப்ராஸ்கோப்பியின் பலன் கூடுதல். எல்லாவற்றுக்கும் துளைதான் சிறந்தது என்று போர்டு வைப்பவர்களை நம்ப வேண்டாம்.

(வலை என்றதும் ஒரு சுவாரசியமான விஷயம். கம்பெனி வலை விலை அதிகம் என்று, மகாராஷ்டிராவின் கிராமப்புற சர்ஜன் டாக்டர் டோங்காவ்கரும் அவர் கூட்டாளிகளும் சாதாரணக் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிக் குடலிறக்கத்துக்கு வைத்துப் பார்த்து, 2003-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அப்போது சிரித்தவர்கள் இருக்கலாம். 2016-இல் உகாண்டாவில் முறைப்படி நடந்த ஆய்வில் கொசுவலையும் கம்பெனி வலையும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன.)

சரி, கூலி நஷ்டத்துக்கு ஈடு யாருமே தருவதில்லையா? ஒரு வழி இருக்கிறது, இ.எஸ்.ஐ. தோல், ஷூ தொழிற்சாலைகளில் முறையாகப் பதிவான தொழிலாளிக்குச் சம்பளத்திலிருந்து சிறு தொகை பிடிக்கிறார்கள். 2019 ஜூலையில் அது 0.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, முதலாளி பங்கு 3.25 சதவீதம். உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தால் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் அதற்கு ஆறு மாதக் கட்டணக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆர்டர் வரும்போது கூப்பிட்டு, இல்லாதபோது நிறுத்துகிற இடத்தில் வேலை செய்பவருக்கு அந்த 78 நாள் சேர்வதே பாடு.

பதிவேட்டிலேயே இல்லாதவர்கள் நிலைமை அதைவிட மோசம். ஆம்பூர் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி, ஆயிரத்துக்கு இவ்வளவு. கைத்தறியும் தீப்பெட்டியும் இதே மாதிரிதான். பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்பது மருத்துவப் புத்தகங்கள் எல்லாம் சொல்வது. கர்ப்பப்பை, சினைப்பைப் பிரச்சினைகள் பெண்களுக்கு மட்டுமே. அதாவது லேப்ராஸ்கோப்பி அதிகம் பயன்படுகிற நோய்களில் பாதிக்கு மேல் பெண்கள் உடம்பில் வருகின்றன, லீவுச் சம்பளம் என்ற சொல்லே தெரியாத பெண்கள் உடம்பிலும்தான். தைக்காத நாளில் ஜோடி இல்லை, ஜோடி இல்லாத நாளில் காசு இல்லை. இதில் வீட்டு வேலையை யார் பார்ப்பார்கள் என்பது தனிக்கதை. தையல் பிரித்த மறுநாளே தண்ணீர்க் குடம் தூக்கியவர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம்.

அரசு காப்பீடு? 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அது மாறியது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடும் இணைக்கப்பட்டது. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்களும் அதன் பட்டியலில் உண்டு. லட்சக்கணக்கான குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றிய திட்டம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிற பணம். டிஸ்சார்ஜ் ஆன நிமிடத்தோடு காப்பீட்டின் வேலை முடிந்துவிடுகிறது. தொழிலாளியின் நஷ்டம் அந்த நிமிடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இன்னொரு விஷயம், தூரம். குடியாத்தத்துக்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடத்துக்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். ஆனால் பித்தப்பைக் கல்லுக்கும் குடல்வாலுக்கும் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. இவை தாலுக்கா அளவிலேயே முடிய வேண்டிய வேலை. கேமரா, விளக்கு, வாயு மெஷின் ஆகியவை ஒருமுறை போடுகிற முதலீடு, நிலைச் செலவு. வாரத்துக்கு ஒரு ஆபரேஷன் செய்தாலும் பத்து செய்தாலும் அதன் விலை அதேதான், எண்ணிக்கை கூடக் கூடத் தலைக்கு விழுகிற செலவு குறையும். பூட்டிய ரூமில் உறை போட்டு வைத்த மெஷினுக்குத் தேய்மானம் மட்டும்தான் உண்டு. மெஷினைவிட முக்கியம் அதை ஓட்டப் பழகிய டாக்டரும், மயக்க மருந்து டாக்டரும், நர்ஸும் அதே ஊரில் தங்குவது.

மயக்க டாக்டர் கிடைக்காத இடங்களுக்கும் ஒரு வழியை வேலூர் சி.எம்.சி.யில் படித்த ஒருவரே காட்டியிருக்கிறார். டாக்டர் ஜே. ஞானராஜ், வடகிழக்கு மாநிலங்களின் மலைப்பகுதிகளில் பல வருடம் ஆபரேஷன் செய்தவர். வாயுவே இல்லாத லேப்ராஸ்கோப்பியைப் பரப்பினார். வயிற்றுச் சுவரை வாயுவால் உப்ப வைப்பதற்குப் பதில் ஒரு கம்பி அமைப்பால் மேலே தூக்கிப் பிடிப்பது. வாயு மெஷினும் சிலிண்டரும் வேண்டாம். பல ஆபரேஷன்களுக்கு முழு மயக்கமும் வேண்டாம், முதுகில் போடுகிற ஊசியே போதும். மலை மேல் முடிந்தது, பாலாற்றங்கரையில் முடியாதா?

இதைப் படித்துவிட்டு லேப்ராஸ்கோப்பி என்றாலே நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஓட்டை சின்னது, உள்ளே நடப்பது பெரிய ஆபரேஷன்தான். 1990-களின் தொடக்கத்தில் பழகாத கைகள் அவசரப்பட்டதால் பித்தநாளத்தைத் தவறாக வெட்டுகிற விபத்து முன்பைவிட அதிகமாக நடந்தது. உள்ளே ஒட்டிக்கிடந்து சரியாகத் தெரியவில்லை என்றால் நல்ல டாக்டர் நிறுத்திவிட்டுக் கிழித்துத் தொடர்வார். "லேசர்னு சொல்லிட்டுக் கிழிச்சிட்டாங்க" என்று அவரிடம் சண்டைக்குப் போகிறார்கள், அவர் செய்ததுதான் சரி. அதேபோல, ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, ஒரு தொந்தரவும் தராத கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம். சுலபமான வழி வந்துவிட்டது என்பதால் தேவையில்லாத பித்தப்பையும் கர்ப்பப்பையும் வெளியே வரக் கூடாது.

சுலபம் என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சத்தீஸ்கர் சாட்சி. 2014 நவம்பர் 8, பிலாஸ்பூர் அருகே ஒரு குடும்பக் கட்டுப்பாடு முகாம். ஒரே டாக்டர், லேப்ராஸ்கோப்பி, சில மணி நேரத்தில் 83 பெண்கள். 13 பேர் இறந்தார்கள். மருந்தில் நஞ்சா, கிருமித் தொற்றா என்று பிறகு விவாதம் நடந்தது. 83 பெண்களை ஒரே நாளில் வரிசையில் படுக்க வைத்ததைப் பற்றி விவாதிக்க என்ன இருக்கிறது? அதே மாதம் ஒடிசாவில் இன்னொரு முகாமில் வாயு மெஷினுக்குப் பதில் சைக்கிள் பம்பால் பெண்களின் வயிற்றில் காற்றடித்தது வெளியே வந்தது. முன்னால் சொன்ன காற்று இதுதான். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது. ஏழைக்குக் கொடுக்கிறோம் என்ற பெயரில் மட்டமாகக் கொடுப்பது கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். அதனால் தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு லேப்ராஸ்கோப்பி வேண்டும் என்று கேட்பவர்கள், ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்ற வரம்பையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கூலி விஷயத்துக்கு வருவோம். இதற்கு முன்மாதிரி குடியாத்தத்திலிருந்து பலமநேர் பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற மாநிலத்தில் இருந்தது. 2019 டிசம்பரில் ஆந்திர அரசு, ஆரோக்யஸ்ரீ காப்பீட்டில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஓய்வுக் காலத்தில் நாளுக்கு 225 ரூபாய், மாதம் அதிகபட்சம் 5,000 ரூபாய் என்று ஒரு திட்டம் தொடங்கியது. தொகை பெரிதில்லை. ஆனால் படுத்திருக்கிற நாளும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று ஒரு அரசு எழுத்தில் ஒத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்கும் இந்த எண்ணம் புதிதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் தருவதன் பின்னால் கர்ப்ப காலத்தில் கூலி போகிறது என்ற கணக்குதான் இருக்கிறது. பிரசவத்துக்குத் தெரிகிற கணக்கு பித்தப்பைக்குத் தெரியாதா என்ன?

1954-இல் முதலமைச்சரான காமராஜரை இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்து சட்டசபைக்கு அனுப்பிய ஊர் குடியாத்தம். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று மதியச் சோற்றைப் படிப்புச் செலவாக எழுதியது அவர் ஆட்சி. அப்போதும் இது பள்ளிக்கூடச் செலவில் எப்படி வரும் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

இதில் அரசுக்கும் ஒரு லாபக் கணக்கு உண்டு. ஆந்திரா கொடுத்த அதே 225 ரூபாயைத் தமிழ்நாடு கொடுப்பதாக வைத்தால், கிழித்துச் செய்தவருக்கு 36 நாளுக்கு 8,100 ரூபாய். துளை போட்டுச் செய்தவருக்கு 12 நாளுக்கு 2,700. ஒவ்வொரு நோயாளியிலும் 5,400 ரூபாய் அரசுக்கே மிச்சம். கூலியை அரசு கொடுக்க ஆரம்பித்துவிட்டால், லேப்ராஸ்கோப்பி மெஷின் எந்த தாலுக்கா ஆஸ்பத்திரியிலும் உறை போட்டுத் தூங்காது. பணம் கொடுக்கிறவரே அதை எழுப்பிவிடுவார்.

இதற்குத் தனியாகப் புது ஃபாரம்கூட வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில், எத்தனை நாள் ஓய்வு, எத்தனை நாள் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் ஏற்கெனவே எழுதித்தான் கொடுக்கிறார். தோல் தூக்குகிறவர் அதைப் படித்துவிட்டு மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். அந்த ஒரு வரிக்கு எதிரே ஒரு தொகை எழுத இடம் விட்டால் போதும்.